கான்ட்ராக்டா, நேரடி ஆளா, குறித்த கால வேலையா: 14 பேருக்காகப் போட்ட கணக்கு

கோவையில் சிறு தொழிற்சாலைகளுக்கு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) கணக்கு பார்ப்பது என் வேலை. முதலாளிகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சார், புதுசா ஆள் வேணும். கம்பெனி ரோல்ல போடலாமா, கான்ட்ராக்டர்கிட்ட விட்டுடலாமா?"

சில மாதங்களுக்கு முன் பம்ப் உதிரி பாகம் செய்யும் ஒரு ஓனர் இதே கேள்வியோடு ஒரு கொட்டேஷனை மேசையில் வைத்தார். அவரிடம் ரோலில், அதாவது கம்பெனியின் நேரடிச் சம்பளப் பட்டியலில், 22 பேர், கான்ட்ராக்டில் 14 பேர். "ஆளுக்கு மாசம் 17,200. பிஎஃப், ஈஎஸ்ஐ, போனஸ் எல்லாம் அதுக்குள்ளயேங்க. தொழிலாளிக்குச் சம்பளம் 15,000. ஜிஎஸ்டி மட்டும் தனி" என்றார். எல்லோரையும் ரோலில் எடுத்தால் செலவு ஏறிவிடும் என்பது அவர் பயம்.

பேப்பரை எடுத்து அவர் எதிரிலேயே கணக்கு போட்டேன். சம்பளம் 15,000. முதலாளி பங்காக பிஎஃப் 12 சதவீதம், நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 13 சதவீதம், 1,950. ஈஎஸ்ஐ 3.25 சதவீதம், 488. போனஸ் 8.33 சதவீதத்தை முழுச் சம்பளத்துக்கும் போட்டால் 1,250. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) மாதம் 721 ஒதுக்க வேண்டும். ஆக, நேரடியாக ஓர் ஆளை வைக்க மாதம் 19,409 ரூபாய்.

இப்போது கான்ட்ராக்டர் கணக்கு. 15,000 சம்பளமும் 1,950 பிஎஃப்பும் போனால் 17,200இல் மீதி 250 ரூபாய். ஈஎஸ்ஐ, போனஸ், அவருடைய கமிஷன் எல்லாம் இந்த 250இல் எப்படி அடங்கும்? அடங்காது. ஒழுங்காக எல்லாம் கட்டுகிற கான்ட்ராக்டர் 8 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் கேட்டாலே ஆளுக்கு ஏறக்குறைய 20,960 ஆகிவிடும். அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட்டில் திரும்பக் கிடைக்கும்தான், ஆனால் அதுவரை கையிருப்பு முடங்கும். சட்டப்படி நடத்தினால் கான்ட்ராக்ட் நேரடி ஆளைவிட விலை கூடியது. மலிவாக வருகிறது என்றால் யாருடைய பணமோ நடுவில் காணாமல் போகிறது. பெரும்பாலும் அது தொழிலாளியின் பணம்.

சந்தேகத்தைத் தீர்க்க, கான்ட்ராக்ட் ஆட்களில் ஒரு தம்பியைக் கூப்பிட்டு போனில் பிஎஃப் பாஸ்புக் பார்க்கும் உமங் செயலியைத் திறக்கச் சொன்னோம். பாஸ்புக்கில் கடைசி நான்கு மாதம் வரவே இல்லை. "மாசா மாசம் பிடிக்கிறாங்களேண்ணா" என்றான். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தது, கணக்கில் இல்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஓனர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

இதில் ஓனருக்கு என்ன பொறுப்பு? முழுப் பொறுப்பு. கான்ட்ராக்டர் கட்டாத பிஎஃப்பை பிரின்சிபல் எம்ப்ளாயர், அதாவது அந்த ஆட்களிடம் வேலை வாங்கும் கம்பெனிதான் கட்ட வேண்டும், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியோடு. அப்புறம் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது, அவர் போனை எடுத்தால். சம்பளமும் அப்படித்தான். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் இந்தப் பொறுப்பு இருந்தது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. 50 பேருக்குக் குறைவான ஒப்பந்த ஆட்கள் இருந்தால் உரிம விதிகள் பொருந்தாது என்று எல்லையை 20இலிருந்து உயர்த்தியிருக்கிறார்கள். அதைக் கேட்டு நிம்மதி அடைகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பிஎஃப், ஈஎஸ்ஐ பொறுப்புக்கு இந்த 50 கணக்கே கிடையாது.

விபத்து நடந்தால்தான் இது முழுசாக உறைக்கும். வேறொரு இடத்தில் பவர் பிரஸ்ஸில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு விரல் போனது. ஈஎஸ்ஐ எண் கேட்டால் அவர் பெயரே பதிவாகவில்லை. கான்ட்ராக்டர் போன் ஸ்விட்ச் ஆஃப். ஈஎஸ்ஐ இருந்திருந்தால் வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை உதவித்தொகை கிடைத்திருக்கும். கம்பெனி கையிலிருந்து ஆஸ்பத்திரி செலவைக் கொடுத்தார்கள், சரி. ஆனால் அந்த மனிதர் வீட்டில் ரேஷன் அரிசியை எண்ணிப் பொங்கிய மாதங்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

நீதிமன்றப் பக்கமும் பார்க்க வேண்டும். 2001இல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில், ஒப்பந்தத் தொழிலாளர் முறையைத் தடை செய்தாலே அவர்கள் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முதலாளிகள் அந்தப் பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கான்ட்ராக்ட் என்பது வெறும் பெயருக்குப் போட்ட திரை என்று நிரூபணமானால் அவர்கள் கம்பெனியின் நேரடித் தொழிலாளிகளே என்பது அதே தீர்ப்பின் மறுபாதி. லீவு கொடுப்பது உங்கள் சூப்பர்வைசர், வேலை சொல்வது உங்கள் ஃபோர்மேன், மெஷினும் உங்களுடையது என்றால் திரை எவ்வளவு நேரம் நிற்கும்? புதிய தொகுப்புச் சட்டமோ நிறுவனத்தின் மையத் தொழிலில் ஒப்பந்த ஆட்களை வைக்கவே பொதுவாகத் தடை போட்டு, சில விலக்குகளை மட்டும் தருகிறது.

அப்படியானால் கான்ட்ராக்டே கூடாதா? வேண்டிய இடம் உண்டு. கூட்டிப் பெருக்குவது, வாட்ச்மேன், கேன்டீன், என்றைக்கோ வரும் லோடு இறக்குவது. அங்கேயும் ஒவ்வொரு மாதமும் யார் யாருக்கு பிஎஃப் கட்டியது என்று காட்டும் இசிஆர் பட்டியலின் நகலை வாங்கி, அதிலுள்ள பெயர்களை கேட்டில் இருக்கும் வருகைப் பதிவோடு ஒப்பிட்டுவிட்டு அப்புறம் பில்லைப் பாஸ் செய்யுங்கள். அரை மணி நேர வேலைதான்.

அடுத்தது குறித்த கால வேலை. ஏற்றுமதி ஆர்டர் ஒன்று ஒரு வருடத்துக்கு வந்திருக்கிறது, முடிந்தபின் அத்தனை பேர் தேவைப்படாது என்ற நிலைமைக்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. வேலை நியமன ஆர்டரில் தொடங்கும் நாளும் முடியும் நாளும் இருக்கும். அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளியின் சம்பளமும் சலுகைகளும் இவருக்கும் உண்டு. பணிக்கொடைக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டாம், ஒரு வருடம் முடித்தாலே வேலை பார்த்த காலத்துக்கு ஏற்பக் கிடைக்கும். காலம் முடிந்து வேலை நிற்பது ஆட்குறைப்பாகாது. ஆகவே ஒரு மாத நோட்டீஸ், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற ஆட்குறைப்பு இழப்பீடு வராது.

தமிழ்நாட்டில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 1981ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவர் நிரந்தரம் கேட்கலாம். பதினோரு மாத ஆர்டரை மறுபடி மறுபடி புதுப்பிக்கிறவர்கள், நடுவில் இரண்டு நாள் பிரேக் கொடுத்தால் தப்பிக்கலாம் என்று நம்புகிறவர்கள், இந்தச் சட்டத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். மூன்றாவது முறை புதுப்பிக்கும் அளவுக்கு வேலை இருக்கிறதென்றால் அது நிரந்தர வேலைதான். அந்த ஆளுக்கு அதைக் கொடுத்துவிடலாம்.

அப்ரண்டிஸ் பற்றிச் சுருக்கமாக. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் எடுப்பது கட்டாயம். 1961 சட்டப்படி அவர்கள் பயிற்சியாளர்கள், பிஎஃப், ஈஎஸ்ஐ கிடையாது. தேசிய அப்ரண்டிஸ் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கு, அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாய், அரசு ஏற்கிறது. நல்ல திட்டம். ஆனால் இதை மலிவான ஆள் என்று எடுத்து, கற்றுக்கொடுக்காமல் இரண்டு ஷிப்டு மெஷினில் நிறுத்துவது அந்தப் பையன்களின் வயதைத் திருடுவது. கான்ட்ராக்டுக்கு மாற்றாக இதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

நேரடி ஆளுக்குக் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஆர்டர் குறைந்தால் உடனே ஆளைக் குறைக்க முடியாது. ஒழுங்கு நடவடிக்கைக்கு விசாரணை, நோட்டீஸ் என்று பொறுமை வேண்டும். ஆனால் கணினி வழி இயங்கும் சிஎன்சி மெஷினில் ஒருவருக்குக் கை பழக ஆறு மாதம் ஆகிறது. அவரை ஐநூறு ரூபாய் கூடக் கொடுக்கும் பக்கத்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டுப் புது ஆளுக்கு மறுபடி முதலிலிருந்து சொல்லிக் கொடுக்கும் செலவு எந்தக் கொட்டேஷனிலும் இல்லை.

அந்த ஓனர் இரண்டு நாள் யோசித்தார். கான்ட்ராக்டில் இருந்த 14 பேரில் மெஷினில் நிற்கும் 9 பேரை ரோலில் எடுத்தார். ஏற்றுமதி ஆர்டருக்கு வந்த 3 பேருக்கு ஒரு வருடத்துக்குக் குறித்த கால ஆர்டர் கொடுத்தார். வாட்ச்மேனும் துப்புரவுக்கு வரும் அம்மாவும் மட்டும் கான்ட்ராக்டிலேயே இருந்தார்கள், வேறு கான்ட்ராக்டரிடம். பழைய நான்கு மாத பாக்கியை வட்டியோடு இவரே கட்டினார், அது கொஞ்சம் வலித்தது அவருக்கு. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்கு முன் நான் இசிஆர் ஏற்றியபோது பட்டியலில் 34 பெயர்கள். அந்தத் தம்பி மாலையில் ஆபீஸுக்கு வந்து, பாஸ்புக்கில் எப்போது ஏறும் என்று கேட்டுவிட்டுப் போனான்.