பெயின்ட் புதுசு, போர் பழசு: "முழு ரெஸ்டோரேஷன்" கப் கேடட் புல்வெட்டி டிராக்டர் வாங்கும் முன்

"கப் கேடட் 149, 14 குதிரைசக்தி, எஞ்சின் முழு ரீபில்ட், போர் 0.020 ஓவர்சைஸ், புதுப் பெயின்ட், புல் வெட்ட ரெடி." விளம்பரத்தில் இருந்தது இதுதான். போர் என்றால் சிலிண்டரின் உள் விட்டம்; 0.020 ஓவர்சைஸ் என்றால் தேய்ந்த சிலிண்டரை 0.020 அங்குலம் கடைந்து பெரிதாக்கியது, அதுதான் போரிங். விலை 2,400 டாலர், ரொக்கம். வாங்கியபின் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்தது 129 மாடலின் 12 குதிரைசக்தி எஞ்சின். போரிங் போடவே இல்லை, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். விற்றவர் யார் என்பதை விட்டுவிடுவோம். அமெரிக்காவில் பழைய புல்வெட்டி டிராக்டர் தேடுகிறவர்கள் இந்த வித்தையை இன்னொரு இடத்திலும் பார்க்க நேரிடும்.

129, 149 இரண்டுமே இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1971 முதல் 1974 வரை தயாரித்தவை. வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. பானெட்டில் 149 ஸ்டிக்கர் ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. 129-ல் வருவது கோலர் நிறுவனத்தின் கே301 எஞ்சின், 149-ல் வருவது கே321. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) ஒன்றே, 3.25 அங்குலம். போர்தான் வேறு: கே301-க்கு 3.375, கே321-க்கு 3.5. எட்டில் ஒரு பங்கு அங்குல வித்தியாசம் வெளியிலிருந்து தெரியாது. மாடல் நம்பர் தகடு எஞ்சின் பிளாக்கில் இல்லை, காற்று விசிறியை மூடும் தகர உறையில்தான் இருக்கிறது. நாலைந்து போல்ட் கழற்றினால் உறையோடு தகடும் இடம் மாறிவிடும். அதனால் தகடு சாட்சி ஆகாது. ஹெட்டைக் கழற்றி வெர்னியர் வைத்து அளப்பதுதான் சாட்சி. ஹெட் கேஸ்கெட் ஒன்று செலவாகும், போகட்டும்.

ஹெட் கழன்றதும் பிஸ்டன் தலையைத் துடைத்துப் பாருங்கள். ஓவர்சைஸ் பிஸ்டன் என்றால் .010, .020, .030 என்று எதையாவது தலையிலேயே குத்தியிருப்பார்கள். இந்த வண்டியில் கரியைச் சுரண்டிய பிறகும் வெறும் அலுமினியம்தான். போரின் மேல் விளிம்பில், ரிங் தொடாத இடத்தில், விரல் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு படி இருந்தது. போர் 3.384, அதாவது 9 தவு தேய்மானம் (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 3 தவு தாண்டினாலே போரிங் போட வேண்டும் என்பதுதான் கணக்கு. தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் போட்டால் சில மணி நேரம் நன்றாக ஓடும். பிறகு ரிங்கின் இரு முனைகளும் சந்திக்கும் முட்டுவாய் விரிந்து ஆயில் மேலே ஏறும். விற்கிறவருக்கு அந்தச் சில மணி நேரம் போதும்.

கம்ப்ரஷன் கேஜ் வைத்தபோது முள் ஏறவில்லை. "இதில் ஏசிஆர் இருக்கிறது, கேஜில் குறைவாகத்தான் காட்டும்" என்று விற்றவரிடமிருந்து பதில் வந்தது. பொய் இல்லை. ஸ்டார்ட் பண்ணும்போது எக்சாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அழுத்தத்தை விடும் அமைப்பு அது. உண்மையைச் சொல்லியே கதையை முடித்துவிட்டார். இந்த எஞ்சினுக்குக் கேஜ் உதவாது, லீக்டவுன் டெஸ்ட்தான் உதவும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் காற்று செலுத்திக் காது கொடுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், சைலன்சரில் சீறினால் எக்சாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு. இங்கே ஆயில் வாயில் பலமாகவும் சைலன்சரில் கொஞ்சமும் சீறியது.

சைலன்சர் பக்கச் சீறலுக்குக் காரணம் வால்வு இடைவெளி. இன்டேக்குக்கு 0.008 முதல் 0.010, எக்சாஸ்ட்டுக்கு 0.017 முதல் 0.019 அங்குலம் இருக்க வேண்டும். எக்சாஸ்ட்டில் ஆறு தவு ஃபீலர்கூட இறுக்கமாகத்தான் நுழைந்தது. சூடேறியதும் வால்வு நீளும், முழுசாக மூடாது, அந்தச் சந்து வழியாக நெருப்பு போய் வால்வு உட்காரும் சீட் எரியும். "குளிரில் ஸ்டார்ட் ஆகிறது, சூட்டில் ஆகவில்லை" என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

வாங்கும் முன் பார்க்கப் போனபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. கை வைத்தால் தெரியும். சூடு இருந்தால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள், இன்னொரு நாள் காலையில் போங்கள். ஆயிலும் தேன் போலக் கெட்டியாக இருந்தது. கோடைக்கு எஸ்ஏஇ 30 போதும், இரண்டு குவார்ட். புகையை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றுவது பழைய தந்திரம்.

"கஸ்டம்" வேலை என்று பெருமையாகச் சொன்னது இதைவிட ஆபத்து. நிமிர்ந்த குரோம் சைலன்சர், எல்இடி விளக்கு, இவை கண்ணுக்குத்தான் (விளக்கு ஃபியூஸ் இல்லாமல் நேரே பேட்டரியில், அது வேறு). எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்கை இழுத்து மாட்டியிருந்தார்கள். டேக்கோமீட்டரில் 4,150 ஆர்பிஎம். இந்த எஞ்சினின் உச்சம் 3,600. வேகம் 15 சதவீதம் ஏறினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு மீதும் ஃபிளைவீல் மீதும் விழும் விசை மூன்றில் ஒரு பங்கு கூடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. ராடு அலுமினியம், ஆயில் தெளிப்பில் ஓடுவது, பம்ப் கிடையாது. ஃபிளைவீல் வார்ப்பிரும்பு, வெடித்தால் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. பிளேடு நுனி வேகம் நிமிடத்துக்கு 19,000 அடி தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தர விதி. பிளேடு நீளம் அங்குலத்தில், அதை 0.2618 ஆலும் பிளேடு ஆர்பிஎம்மாலும் பெருக்குங்கள், நுனி வேகம் வந்துவிடும். புல்வெட்டி ரேஸ் ஓட்டுகிறவர்கள் பிளேடைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். பிளேடோடு கவர்னரில் கை வைத்தவரிடம் வேறு எதையும் நம்ப வேண்டாம்.

பின்பக்க ஹைட்ரோ பெட்டியில் (ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் பெட்டி) ஆயில் பால் மாதிரி இருந்தது. இதில் ஊற்றும் ஹை-டிரான் ஆயில் தண்ணீரைத் தனக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால்தான் அந்த நிறம். ஏழு குவார்ட், கூடவே ஃபில்டர், ஒரு தடவை மாற்றினால் தெளியாது. நியூட்ரலில் வண்டி ஊர்ந்ததற்குக் காரணம் ஹைட்ரோ வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரனியன் கையின் காடி முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. வெல்டிங் வைத்து அரத்தால் சரி செய்யலாம், ஆனால் அதற்கு ஹைட்ரோ யூனிட்டை வெளியே எடுக்க வேண்டும். மெனக்கெடாமல் அதன் மேலேயே மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். பிளேடை மூடும் டெக்கின் அடிப்பக்கம் காந்தம் இரண்டு இடத்தில் ஒட்டவில்லை. அங்கே இரும்பு இல்லை, பூசி அடைத்த பட்டி. பிரேக் பெடல் ஸ்விட்சின் இரண்டு வயரையும் முறுக்கி ஒட்டியிருந்ததால் பெடலை மிதிக்காமலே ஸ்டார்ட் ஆனது.

ரசீதில் "உள்ள நிலையில்" என்ற வாசகம் இருந்ததைக் காட்டி, பணத்தைத் திருப்பித் தர விற்றவர் மறுத்துவிட்டார். ரசீதில் மாடல், எஞ்சின் நம்பர், போர் அளவு, பிஸ்டன் நம்பர் நான்கையும் விற்பவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வாங்காமல் திரும்பிவிடுங்கள், ஹெட்டைக் கழற்றும் வேலையே மிச்சம்.