இரணைமடுப் பக்கத்துப் பழைய பள்ளிக்கூடம்: பொதுமண்டபமாக எப்படி இருக்கிறது?

கிளிநொச்சி மாவட்டத்து இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் குடியேறிய கமக்காரக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக எழுந்த எங்கள் ஊர்ப் பழைய பள்ளிக்கூடம், 2009இல் போர் முடிந்தபோது கூரையற்ற சுவர்களாகவே எஞ்சியிருந்தது. மீளக்குடியேறிய பின் பாடசாலை புதிய கட்டடத்துக்கு மாறியதால், இதை இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. இடிக்காமல் திருத்திப் பொதுமண்டபமாக்கியதே சரியான முடிவென்று, வாசிகசாலைக்கும் கூட்டங்களுக்கும் அங்கே வழக்கமாகச் சென்றுவரும் எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

திருத்த வேலையில் மிகவும் பாராட்டத்தக்கது சுவர்களைக் கையாண்ட விதம். பழைய செங்கற் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் அந்தச் சாந்தின் வழியே வெளியேறிவிடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, நாளடைவில் கல்லே பொரிந்து உதிரும். இதை அறிந்த மேசன்மார் முன்சுவர்களுக்கும் மண்டபத்தின் உட்புறத்துக்கும் சுண்ணாம்புச் சாந்தையே பூசி, அது மெல்ல இறுகும்வரை பொறுத்திருந்து வேலை செய்திருக்கிறார்கள். தடித்த சுவர்களோடு உயர்ந்த ஓட்டுக் கூரையும் மீண்டிருப்பதால் சித்திரை வெயிலிலும் உள்ளே நிம்மதியாக அமர முடிகிறது. தகரக் கொட்டில்களில் வெந்து கூட்டம் நடத்திய எங்களுக்கு இது சிறிய வசதியன்று.

பின்சுவரில் மட்டும் சீமெந்து பூசிவிட்டார்கள். அதன் அடிப்பகுதியில் இப்போதே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. கார்த்திகை மாரிக்கு முன்னர் அதை உரித்தெடுத்துச் சுண்ணாம்பு பூசாவிட்டால் நல்ல வேலையும் கெட்டுவிடும்.

காலையில் முன்பள்ளி, மாலையில் வாசிகசாலை, இடையிடையே மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் என்று மண்டபம் ஓய்வின்றி இயங்குகிறது. சிறுபோகம் என்னும் கோடைகால நெற்செய்கைக்கான நீர்ப்பங்கீட்டைப் பற்றிப் பேசும் நாளில் விறாந்தையும் நிறைந்துவிடும். ஆயினும் விறாந்தைக்கு ஏறப் படிகள் மட்டுமே உள்ளன. போரில் கால் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் வன்னியில், ஊருக்குப் பொதுவான ஒரு மண்டபத்துக்குச் சாய்தளப் பாதை இல்லாதிருப்பதை ஏற்க முடியவில்லை. பழைமையைக் காப்பதற்கும் அதற்கும் எந்த முரணும் இல்லை, பக்கவாசலில் அமைக்க இடம் தாராளமாக இருக்கிறது.

ஊர்க் கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை. குடும்ப நிகழ்வுகளுக்கு முன்கூட்டியே பதிய வேண்டும். திறப்பு முன்பள்ளி ஆசிரியையிடம் இருக்கும்.