உபத்திரவத்துக்கு முன்னா, பின்னா?

இயேசு சத்தமில்லாமல் வந்து விசுவாசிகளை மேலே எடுத்துக்கொள்ளும் "இரகசிய வருகை" என்று எத்தனை கன்வென்ஷன் மேடைகளில் கேட்டிருப்போம்! ஆனால் நம் பழைய தமிழ் வேதாகமத்தைப் புரட்டினால் அந்தச் சொல் ஓரிடத்திலும் கிடைக்காது. இருப்பது 1 தெசலோனிக்கேயர் 4:17. உயிரோடிருக்கும் விசுவாசிகள் "எடுத்துக்கொள்ளப்பட்டு", மேகங்கள்மேல் ஆகாயத்தில் கர்த்தரோடு சேர்வார்கள் என்கிறது. அதற்கு முந்தின வசனத்தில் ஆரவாரம், பிரதான தூதனுடைய சத்தம், தேவ எக்காளம் என்று மூன்று சத்தங்கள். இதில் எங்கே இரகசியம் என்று சின்ன வயதில் கேட்டு, ஞாயிறு பள்ளியில் முறைப்பு வாங்கியவன் நான்.

எடுத்துக்கொள்ளப்படுவது நடக்குமா என்பதில் பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகளுக்குள் தகராறு இல்லை. எப்போது, கடைசிக் காலத்துப் பெருந்துன்பமாகிய உபத்திரவத்துக்கு முன்பா பின்பா என்பதில்தான். கத்தோலிக்க, லுத்தரன் போதனையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அவர்களுக்கு வருகை ஒன்றுதான். கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 675ஆம் பத்தியில், கிறிஸ்துவின் வருகைக்கு முன் திருச்சபை கடைசிச் சோதனை ஒன்றைக் கடந்தாக வேண்டும் என்றே சொல்லிவிடுகிறது.

தகராறின் அடித்தளம் தானியேல் 9. அங்கே சொல்லப்படும் எழுபது வாரங்களில் ஒரு வாரத்துக்கு ஏழு வருடம் என்று கணக்கு. மேசியாவரை 69 வாரம், அதாவது 483 வருடம். மிச்சமுள்ள ஒரு வாரத்தைத் தூக்கிக் கடைசிக் காலத்தில் வைத்தால் ஏழு வருட உபத்திரவ காலம் வருகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் இந்த ஏழு வருடம் நேரடியாக இல்லை. அங்கே இருப்பதெல்லாம் 1260 நாள், 42 மாதம், அதாவது மூன்றரை வருடம். இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலில், உபத்திரவத்துக்கு முன்பே சபை போய்விடும் என்ற கட்சி. நம் ஊரில் அதிகம் கேட்பது இதுதான். 1830களில் பிரதரன் இயக்கத்தின் ஜான் நெல்சன் டார்பி இதை ஒழுங்குபடுத்தினார். 1909ல் அமெரிக்கப் போதகர் ஸ்கோஃபீல்டு தன் வேதாகமக் குறிப்புகள் மூலம் பரப்பினார். புதுப் போதனை என்பதாலேயே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் டார்பியின் சொந்த முகாமிலேயே இது ஒருமனதாக ஏற்கப்படவில்லை. பிளிமத்தில் பி. டபிள்யூ. நியூட்டன் கடுமையாக எதிர்த்தார். அநாதை இல்லங்களால் நமக்கெல்லாம் தெரிந்த ஜார்ஜ் முல்லரும், பாவமனுஷன், அதாவது கடைசிக் காலத்தில் கிறிஸ்துவுக்கு எதிராக எழும்பும் அந்திக்கிறிஸ்து, வெளிப்படுமுன் கர்த்தர் வரமாட்டார் என்ற பக்கம்தான் போய்ச் சேர்ந்தார்.

இந்தக் கட்சியின் பெரிய பலம், கர்த்தர் எந்த நிமிஷமும் வரலாம் என்ற எதிர்பார்ப்பு. அதன் வலிமையை அனுபவித்தே சொல்கிறேன். ஒருநாள் பள்ளிவிட்டு வந்தபோது கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அம்மாவைக் காணோம். சரி, வருகை வந்துவிட்டது, நான் கைவிடப்பட்டேன் என்று பாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். திண்ணையில் அவருடைய செருப்பு கிடந்தது. அப்போதும் நிம்மதி வரவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டா மேலே போவார்? அம்மா பக்கத்து வீட்டில் காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஜெபித்துக்கொண்டிருந்தார்.

அவர்களுடைய முக்கிய வசனம் வெளிப்படுத்தல் (வெளி.) 3:10. பூச்சக்கரத்தின்மேலெங்கும் வரப்போகிற "சோதனைகாலத்துக்குத் தப்பும்படி நானும் உன்னைக் காப்பேன்" என்கிறது. தமிழில் படித்தால் வழக்கு முடிந்தது போலத் தெரியும். ஆனால் கிரேக்கத்தில் இருப்பது 'தேரேயோ எக்', ஒன்றிலிருந்து காப்பது, அவ்வளவுதான். 'தப்பும்படி' என்பது மொழிபெயர்ப்பாளர் எடுத்த முடிவு. அதே கிரேக்கத் தொடர் யோவான் 17:15ல் வருகிறது: "நீர் அவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி நான் வேண்டிக்கொள்ளாமல், நீர் அவர்களைத் தீமையினின்று காக்கும்படி வேண்டிக்கொள்ளுகிறேன்." எடுப்பது வேறு, காப்பது வேறு என்று இயேசுவே பிரித்துப் பேசுகிற இடம் இது.

அப்புறம், வெளிப்படுத்தலில் 4ஆம் அதிகாரத்திலிருந்து 'சபை' என்ற சொல் காணாமல் போகிறது, அதனால் சபை பூமியில் இல்லை என்பார்கள். மறுபடி அது வருவது 22:16ல்தான், உண்மை. ஆனால் 13:7ல் மிருகம், அதாவது அந்திக்கிறிஸ்து, யுத்தம்பண்ணுவது 'பரிசுத்தவான்களோடே'. இவர்கள் சபையல்ல, பிறகு மனந்திரும்பியவர்கள் என்றால், அட்டவணையை முதலில் எழுதிவிட்டு வசனத்தை அதற்குள் உட்காரவைப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

"ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான்" என்ற மத்தேயு 24:40ஐயும் துண்டுப்பிரதிகளில் விடாமல் போடுகிறார்கள். முந்தின வசனத்தில் ஜலப்பிரளயம் வந்து வாரிக்கொண்டுபோனது அவிசுவாசிகளை, மீந்தவன் நோவா. உபத்திரவத்துக்கு முன் என்ற முன்வருகைக் கருத்துக்காகவே வாழ்நாளெல்லாம் வாதாடிய டாலஸ் இறையியல் கல்லூரியின் ஜான் வால்வூர்டுகூட இதை நியாயத்தீர்ப்பு என்றுதான் விளக்கினார்.

உபத்திரவத்தின் நடுவில் போவோம் என்ற கட்சியை நீட்ட வேண்டியதில்லை. 1 கொரிந்தியர் 15:52ன் கடைசி எக்காளமும் வெளி. 11:15ன் ஏழாம் எக்காளமும் ஒன்றே என்பது அவர்கள் வாதம். வெளிப்படுத்தலோ கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்துக்குப் பல பத்தாண்டுகள் கழித்து எழுதப்பட்டது என்பதே பெரும்பாலோர் கணிப்பு. அப்படியானால், கொரிந்து சபையார் அந்த எக்காளக் கணக்கை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள்? இதைவிட, 1990ல் மார்வின் ரோசந்தால் முன்வைத்த 'கோபாக்கினைக்கு முன்' என்ற வாதம் கெட்டி. அந்திக்கிறிஸ்துவின் உபத்திரவம் வேறு, தேவனுடைய கோபாக்கினை வேறு. வெளிப்படுத்தலில் ஒவ்வொன்றாக உடைக்கப்படும் ஏழு முத்திரைகளில் ஆறாவதுவரை பாடுபட்டு, கோபாக்கினை இறங்குமுன் எடுத்துக்கொள்ளப்படுவோம் என்கிறார். "தேவன் நம்மைக் கோபாக்கினைக்கென்று நியமிக்காமல்" என்ற 1 தெசலோனிக்கேயர் 5:9க்கும் இதில் சேதமில்லை.

கடைசியாக, உபத்திரவத்துக்குப் பின். "அந்நாட்களின் உபத்திரவம் முடிந்தவுடனே" என்று மத்தேயு 24:29 தொடங்குகிறது. 31ல் எக்காளம் ஊதித் தெரிந்துகொள்ளப்பட்டவர்களைக் கூட்டிச் சேர்க்கிறார்கள். நேராகப் படிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதோடு அந்த 1 தெசலோனிக்கேயர் 4:17ல் "எதிர்கொண்டுபோக" என்று ஒரு சொல் இருக்கிறது. பத்துக் கன்னிகைகள் மணவாளனுக்கு எதிர்கொண்டுபோவதும், அப்போஸ்தலர் 28:15ல் ரோமாபுரி சகோதரர்கள் அப்பியுபுரம்வரை பவுலுக்கு எதிர்கொண்டுவருவதும் கிரேக்கத்தில் அதே சொல்தான். அவர்கள் பவுலோடு திரும்பி ரோமாபுரிக்குத்தான் வந்தார்கள். நம் ஊரில் மாப்பிள்ளை அழைக்கத் தெருமுனைவரை போகிறவர்கள், அப்படியே காரில் ஏறி மாப்பிள்ளையின் ஊருக்குப் போய்விடுகிறார்களா என்ன? ஒரு சொல்லை வைத்து முழுப் போதனையையும் கட்ட முடியாது என்று முன்வருகைக்காரர்கள் சொல்வது நியாயம். நாம் மேலே போவதற்கு ஆதாரமாக யோவான் 14ல் பிதாவின் வீட்டு வாசஸ்தலங்களை அவர்கள் காட்டுவதும் பொருத்தமே. ஆனாலும் தராசு எனக்கு இந்தப் பக்கம்தான் சாய்கிறது.

உபத்திரவத்துக்குப் பின் என்கிற இந்தக் கட்சிக்காரர்களிடம் ஒரு வியாதி உண்டு. அந்திக்கிறிஸ்துவைப் பார்த்தே தீருவோம் என்பதால், முதலில் பார்கோடு, அப்புறம் ஆதார், அப்புறம் தடுப்பூசி என்று எல்லாவற்றிலும் மிருகத்தின் எண்ணான 666ஐத் தேடுவார்கள். போதனையிலேயே ஒரு ஓட்டையும் இருக்கிறது. முடிவில் விசுவாசிகள் எல்லாரும் மகிமையின் சரீரம் பெற்று, துன்மார்க்கர் எல்லாரும் அழிந்தால், அதன்பின் கிறிஸ்து பூமியில் ஆளும் ஆயிர வருட அரசாட்சியில் ஏசாயா 65:20 சொல்கிறபடி வயதாகிச் சாகிறவர்கள் யார்? வெளிப்படுத்தலில் முத்திரை போடப்பட்ட 1,44,000 யூதர்கள் அந்தக் கடைசி நேரத்தில் மனந்திரும்பி, மாம்ச சரீரத்தோடே உள்ளே போவார்கள் என்று இறையியலாளர் ராபர்ட் குண்ட்ரி 1973ல் பதில் எழுதினார். எனக்கு அது ஒட்டுப்போட்ட துணியாகத்தான் தெரிகிறது. இருந்தும் யோவான் 17:15ஐத் தாண்டி முன்வருகைப் பக்கம் போக என்னால் முடியவில்லை.