துடுப்பு கிழிந்த மீன்களுக்கு நீல மருந்து: வாங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை

தொட்டியில் வளரும் சிறு மீன்களின் துடுப்புகள் காரணம் தெரியாமல் குறைந்துகொண்டே போகும்போது, தண்ணீரைச் சரியாகச் சோதிக்காமல், உடன் வாழும் மீன்கள் எவையென்றும் கேட்காமல், "இது பூஞ்சைதான்" என்று சொல்லி ஒரு மருந்துப் புட்டியை நீட்டும் கடைக்காரர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். என் தொட்டியில் மாண்ட மீன்களை எந்த நோயும் கொல்லவில்லை. கடையில் கிடைத்த ஆலோசனைதான் கொன்றது.

கப்பிகளும் நியான் டெட்ராக்களும் நெடுங்காலமாக நலமாக இருந்த தொட்டி அது. எல்லா மீன்களோடும் ஒத்துப்போகும் சாதுவான இனம் என்று சொல்லி, அந்தக் கடையில் சில செர்பே டெட்ராக்களை விற்றார்கள். அவை வந்து சேர்ந்த சில நாட்களில் ஆண் கப்பிகளின் வால்கள் சிறுத்துப்போகத் தொடங்கின. நியான்களின் துடுப்புகளில் ஒரு கீறல்கூட இல்லை. இந்த வேறுபாட்டைக் கடையில் எடுத்துச் சொன்னேன், படங்களையும் காட்டினேன். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. நான் கொண்டுபோயிருந்த தண்ணீரில் ஒரு சோதனைப் பட்டையை நனைத்துவிட்டு, "தண்ணீரில் குறை ஒன்றும் இல்லை" என்றார். பிறகு நீல மருந்தைக் கொடுத்து, அதை நேராகத் தொட்டியிலேயே ஊற்றவும், ஃபில்டரை ஓடவிடவும், ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றவும் சொன்னார்.

மருந்து ஊற்றியபின் முதலில் மாண்டவை, துடுப்பில் எந்தப் பழுதும் இல்லாத நியான்கள்தான். நீர்ப்பரப்பை ஒட்டி நின்று, செவுள்கள் வேகமாக அடிக்க, துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போயின. தொலைபேசியில் கேட்டபோது, மருந்தின் அளவு போதவில்லை, இரட்டிப்பாக ஊற்றுங்கள் என்ற பதில் வந்தது. அதைச் செய்யாமல், அம்மோனியாவுக்கென்றே உள்ள திரவச் சோதனைப் பெட்டி ஒன்றை வேறிடத்தில் வாங்கிச் சோதித்தேன். சீராக இயங்கும் தொட்டியில் கண்டறிய முடியாத அளவில் இருக்க வேண்டிய அம்மோனியா, அடர்பச்சை நிறம் காட்டும் அளவுக்கு ஏறியிருந்தது.

கடைக்காரரின் பட்டையில் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மை), கடினத்தன்மை, நைட்ரைட், நைட்ரேட் ஆகியவற்றுக்கான கட்டங்கள் இருந்தன. அம்மோனியாவுக்குக் கட்டமே இல்லை. பரவலாக விற்கப்படும் பட்டைகள் பலவற்றில் இதே குறை உண்டு. ஆகவே பட்டை காட்டிய 'நல்ல தண்ணீர்' என்பது, கேட்கப்படாத கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில். மருந்துப் புட்டியின் மீது ஒட்டியிருந்த விலைச்சீட்டை உரித்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: உள்ளே இருப்பது மெத்திலீன் புளூ என்றும், தனித்தொட்டியில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும், உயிரி ஃபில்டரைப் பாதிக்கும் என்றும் அதன் அடியில் அச்சிட்டிருந்தார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சில்தான் பெருமளவு குடியிருக்கின்றன. மெத்திலீன் புளூ அவற்றையும் அழிக்கக்கூடியது. புதுத்தொட்டியில் அவை நிலைகொள்ளப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

வெப்பத்தைக் கூட்டியது இந்தத் தீங்கை இன்னும் பெருக்கியது. தண்ணீரில் உள்ள மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் எவ்வளவு என்பதை பி.எச். அளவும் வெப்பமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. பி.எச். 7, வெப்பம் 25 டிகிரி என்றால் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு, பி.எச். 8 ஆனால் அதே வெப்பத்தில் சுமார் 5 சதவீதம். 30 டிகிரியில் 7 சதவீதத்தைத் தாண்டிவிடும். போதாக்குறைக்கு, சூடான தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறைவு.

அப்படியானால் கப்பிகளின் வாலுக்கு என்ன ஆயிற்று? விளக்கை அணைத்துவிட்டு, அறையின் மங்கிய வெளிச்சத்தில் அசையாமல் உட்கார்ந்து பார்த்தபோது விடை கிடைத்தது: செர்பேக்கள் பின்னாலிருந்து பாய்ந்து வாலைக் கடித்துவிட்டு விலகின. துடுப்பைக் கடிப்பதில் பேர்போன இனம் அது. சிறு கூட்டமாக வைத்தால் தொல்லை இன்னும் கூடும். கடிபட்ட துடுப்பில் பிறை வடிவத் துண்டுகள் காணாமல் போயிருக்கும், விளிம்பு தெளிவாக இருக்கும், நீண்ட துடுப்புள்ள மீன்களே பெரும்பாலும் பாதிக்கப்படும். துடுப்பு அழுகலில் விளிம்பு வெளிறியோ சிவந்தோ நைந்தோ காணப்படும், அடிப்பகுதியை நோக்கி அரித்துக்கொண்டே போகும். அதற்குப் பின்னாலும் பெரும்பாலும் கெட்ட தண்ணீரே இருக்கும். வாயிலும் முதுகிலும் வெண்பஞ்சு போலப் படர்ந்து, ஓரிரு நாட்களில் உயிரைப் பறிக்கும் காலம்நாரிஸ் பார்வைக்குப் பூஞ்சை போலிருந்தாலும் அது பாக்டீரியா நோய். வெப்பம் கூடக்கூட அது விரைந்து பரவும். அதாவது, கடைக்காரர் பஞ்சு போன்ற படலத்தை உண்மையாகவே பார்த்திருந்தாலும், ஹீட்டரை ஏற்றச் சொன்னது ஆபத்தான ஆலோசனையாக இருந்திருக்கலாம்.

குளோரின் நீக்கிய தண்ணீரால் தினமும் ஒரு பகுதியை மாற்றி, வெப்பத்தை இறக்கி, செர்பேக்களைத் தனித்தொட்டிக்கு மாற்றியபின் மரணங்கள் நின்றன. வாலின் அடிப்பகுதி சேதமடையாததால், எந்த மருந்தும் இல்லாமலே கப்பிகளுக்குத் துடுப்பு வளர்ந்துவருகிறது.

கடையில் முறையிட்டபோது, உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது என்றார்கள். நான் கேட்டது மீன்களுக்கான உத்தரவாதத்தை அல்ல, எச்சரிக்கை வாசகத்தின் மீது விலைச்சீட்டை ஒட்டியதற்கான விளக்கத்தை. அதற்குப் பதில் இல்லை; செர்பேக்களைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக மட்டும் சொன்னார்கள். அவை இன்னொருவரின் கப்பிகளிடம் போய்ச் சேரும் என்பதால் நான் கொடுக்கவில்லை. இப்படியொரு புட்டி உங்களிடம் இருந்தால், மூடியைத் திறப்பதற்கு முன் அந்த விலைச்சீட்டை உரித்துப் பாருங்கள்.