சுகர், பிரஷருக்கு ஆரம்ப சுகாதார நிலையம்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் தனியார் கிளினிக்கை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாறலாமா என்று கேட்டால், தாராளமாக மாறலாம். வீட்டுப் பெரியவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் அங்கேயே மாத்திரை வாங்கிவருவதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. மருந்தில் குறை இல்லை. சிக்கல் வருவது மருந்து கொடுக்கும் சன்னலுக்கும் வீட்டு அலமாரிக்கும் இடையில்.

‘கவர்மென்ட் மாத்திரைக்குப் பவர் கம்மி’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகே மருந்து வெளியே வரும். பிரஷர் மாத்திரையான ஆம்லோடிபின் 5 மில்லிகிராம் என்றால் அங்கும் அதே 5 மில்லிகிராம்தான். ஆனால் ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குப் போனால் அட்டையின் நிறமும் மாத்திரையின் அளவும் மாறிவிடும். ‘காலையில சின்ன வெள்ளை, ராத்திரி பெரிய வெள்ளை’ என்று அடையாளம் வைத்திருக்கும் பெரியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது பெயரும் காலாவதி தேதியும் இருக்கும் ஓரம் வேறு யாருக்கோ போய்விடுவதும் உண்டு. சன்னலை விட்டு நகர்வதற்குள் ஒவ்வொரு மருந்தின் பெயரையும் கேட்டு, தனித்தனி கவரில் போட்டு, ‘காலை சாப்பிடும் முன்’, ‘இரவு சாப்பிட்ட பின்’ என்று தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று.

பரிசோதனை நாளில் பலரும் செய்யும் தவறு, ‘டெஸ்ட் இருக்கிறதே’ என்று அன்றைய மாத்திரைகளை எல்லாம் நிறுத்திவிட்டுப் போவது. பிரஷர் மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்ததும், கையோடு கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டு, சுகர் மாத்திரையையும் வழக்கமான வேளைப்படி போட வேண்டும். அடுத்த ரத்தம் முதல் வாய் வைத்ததிலிருந்து 2 மணி நேரம் கழித்து. மருந்து போடாமல் வந்த எண்ணைப் பார்த்து டாக்டர் அளவைக் கூட்டினால், அந்த மாதம் முழுக்கத் தலைசுற்றல்தான். பெரும்பாலானோருக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குள் என்பது இலக்கு. தள்ளாத வயதினருக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்துவார்.

பிரஷர் பார்ப்பதில் அவசரம் அதிகம். வெயிலில் நடந்து வந்து, வரிசையில் நின்று, உட்கார்ந்த உடனே பார்த்தால் எண் ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, பேசாமல் உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்; தயங்க வேண்டாம். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் கூடும். கையில் சுற்றும் பட்டையைச் சட்டைக்கை மேல் சுற்றக் கூடாது. பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷர் தெரியும். வீட்டுக்கு மெஷின் வாங்குவதென்றால் மணிக்கட்டு மெஷின் வேண்டாம், மேல்கையில் சுற்றுவதே நல்லது. மறுபரிசோதனைக்கு முந்தைய ஒரு வாரம், காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் இரண்டிரண்டு தடவை பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். வீட்டுக் கணக்கில் 135/85-ஐத் தாண்டினால் அதிகம். ஆஸ்பத்திரியில் அந்தக் கோடு 140/90.

மருந்தால் வரும் தொந்தரவை வேறு நோய் என்று நினைத்துக் காசைக் கரைக்கிற குடும்பங்கள் நிறைய. ஆம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம். எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரையால் வறட்டு இருமல் வரலாம். அதற்கு இருமல் டானிக் எத்தனை பாட்டில் குடித்தாலும் நிற்காது, மாத்திரையை மாற்றினால்தான் நிற்கும். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போடாவிட்டால் வயிற்றைப் புரட்டும். அதைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 சத்து குறைந்து பாதம் எரியலாம், கேட்டுப் பாருங்கள். இவற்றையெல்லாம்விடக் கெடுதல், மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக். அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். வெளியே வாங்கிப் போடும் ஒவ்வொன்றையும் சுகாதார நிலைய டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

உப்புக்கு வீட்டிலேயே ஒரு கணக்கு உண்டு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன், அதற்குள் இருக்க வேண்டும். நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் ஒரே மாதத்தில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது என்று அர்த்தம். ஊறுகாய், அப்பளம், கருவாடு அந்தக் கணக்கில் சேரவில்லை.

கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை போடுபவர்களுக்கு அமாவாசை, புரட்டாசி சனி, நோன்பு என்று பட்டினி கிடக்கும்போது சர்க்கரை தடாலென இறங்கும். வியர்வை, கைநடுக்கம், பேச்சுக் குழறல் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சுகர் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும், 108-ஐக் கூப்பிடுங்கள். விரதம் இருந்தே தீருவேன் என்பவர்கள் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டு அன்றைய மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம்.

இன்சுலினில் இன்னும் கவனம் வேண்டும். அரசு மருத்துவமனையில் பொதுவாகத் தரும் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சுதான் போட வேண்டும். ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100 யூனிட் இன்சுலினுக்கானது. அதில் 20 கோடு வரை இந்த மருந்தை இழுத்தால் உடம்பில் போவது வெறும் 8 யூனிட். மாற்றிப் போட்டால் ஆபத்து: 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். கலங்கலான 30/70 கலவை வகை இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, ஒரே சீரான பால் நிறம் வந்த பிறகு இழுக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சிறிய பானையில் குப்பியை வைக்கலாம். ஃப்ரீசரில் உறைந்துபோன மருந்து உருகினாலும் உதவாது.

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நடக்க முடியாதவர்களுக்குப் பெரிய ஆறுதல். தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து, மாத்திரையும் தருகிறார். பக்கவாதம் வந்தவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் உண்டு. இதன் பலவீனமும் அந்தச் சௌகரியத்திலேயே இருக்கிறது. மாத்திரை வாசலுக்கு வந்துவிடுவதால் டாக்டரிடம் போவது நின்றுபோகிறது. வருடக்கணக்கில் அதே டோஸ் ஓடுகிறது. நடக்க முடிந்தவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது நேரில் போய், மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு எங்கே எழுதித் தருவார்கள் என்று கேட்க வேண்டும்.

வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டிய மூன்றையும் நாமே வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும், கூட்டத்தில் விட்டுப்போகும். சிறுநீரகத்துக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்ற சோதனை, கண்ணுக்கு விழித்திரைச் சோதனை. கடைசியது பெரும்பாலும் தாலுகா அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையில்தான் நடக்கும். பரிந்துரைச் சீட்டோடு சுகர் நோட்டையும் எடுத்துப் போங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கி, வெளிச்சம் கூசும். அன்று பைக் ஓட்டக் கூடாது. கூட ஒருவர் போவது நல்லது.