கேபின் ஸ்ட்ரோலர்: மடக்குவதற்கு நூற்றுக்கு நூறு, முன்சக்கரத்துக்கு முட்டை

மடக்கி விமானத்துக்குள்ளேயே எடுத்துப் போகக்கூடிய குழந்தைத் தள்ளுவண்டிதான் கேபின் ஸ்ட்ரோலர். என்னுடையதில் முன்சக்கரங்கள் இரண்டையும் மாற்றியாகிவிட்டது. சக்கரம் தேய்மானப் பொருளாம், உத்தரவாதத்தில் வராதாம். இதற்கிடையில் புது மாடல் வந்ததால் பழையதன் விலையைக் குறைத்துவிட்டார்கள். "இரண்டு வயது, நான்கு வயதுப் பிள்ளைகளோடு வெளிநாட்டுப் பெருநகரம் ஒன்றுக்குப் போகிறோம், இதை வாங்கலாமா?" என்று கேட்பவர்களும் கூடிவிட்டார்கள். துணி, நிறம், எடை எல்லாம் தயாரிப்பாளரின் பக்கத்திலேயே இருக்கிறது. ஆறு கிலோ சொச்சம். மடக்கினால் விமானத்தில் தலைக்கு மேலுள்ள பெட்டிக்குள் போய்விடும். மற்றபடி இங்கே பேச்சு முன்சக்கரத்தைப் பற்றித்தான், ஏனென்றால் ஊரில் எங்கே தங்குவது, எந்த ரயிலில் ஏறுவது என்பதையெல்லாம் கடைசியில் அதுதான் முடிவு செய்கிறது.

இந்த வகை வண்டிகள் பெரும்பாலானவற்றில் முன்சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 12 முதல் 14 செ.மீ. வரைதான். மடக்கிய பிறகு 18 செ.மீ. தடிமனுக்குள் அடங்கவேண்டும் என்றால் பெரிய சக்கரத்துக்கு இடமேது? இதன் விளைவைக் கணக்காகவே சொல்லலாம். மூன்று செ.மீ. உயர விளிம்பு ஒன்றில் ஏற, 13 செ.மீ. சக்கரத்தை அச்சு மட்டத்தில் தள்ளினால், அதன்மேல் உள்ள பாரத்தைப்போல ஒன்றரை மடங்கு விசை வேண்டும். 30 செ.மீ. சக்கரத்துக்கு அதே விளிம்பில் முக்கால் மடங்கு போதும். நடைபாதைக் கல் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தாலே வண்டி டக்கென்று நின்று குழந்தை முன்னால் சாய்வது இதனால்தான். ஆகவே வார்ப்பட்டையைத் தோள்பகுதியோடு சேர்த்தே மாட்டுங்கள், தூங்கும் குழந்தைக்கும்கூட.

முன்சக்கரம் சுழல்வதால் இன்னொரு தொல்லை. ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவே உள்ள இடைவெளியில், சக்கரம் பக்கவாட்டில் திரும்பியிருந்தால், அப்படியே உள்ளே இறங்கிவிடும். ஏறும்போது கைப்பிடியைக் கீழே அழுத்தி முன்சக்கரங்களைத் தூக்கி, ரயிலுக்குள் வைத்தபின் பின்சக்கரத்தைத் தள்ளுங்கள். இறங்கும்போது நீங்கள் முதலில் இறங்கி, வண்டியைப் பின்னோக்கி இழுங்கள். பின்சக்கரம் சற்றே பெரிது, பக்கவாட்டில் திரும்பாது, இடைவெளியைத் தாண்டிவிடும். டிராம் தண்டவாளத்தின் பள்ளமும் இதே கதை. ஆம்ஸ்டர்டாம், மெல்போர்ன், லிஸ்பன் மாதிரி டிராம் ஓடும் ஊர்களில் தண்டவாளத்தை நேர்க்குறுக்காகக் கடக்கவேண்டும், சாய்வாகக் கடந்தால் சக்கரம் பள்ளத்தோடு போகும்.

ரோம், பிராக் போன்ற ஊர்களின் பழைய பகுதிகளில் கல் பாவிய தெரு. அங்கே சுழல்பூட்டு (முன்சக்கரம் பக்கவாட்டில் திரும்பாமல் நிறுத்தும் பூட்டு) இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் முன்சக்கரம் கடைத்தெரு டீக்கடைக்காரர் தலையாட்டுகிற மாதிரி இப்படியும் அப்படியும் ஆடும், அந்த ஆட்டம் அப்படியே பொருத்துத் துளையைத் தளர்த்திவிடும். பூட்டு இல்லாத மாடல் என்றால் வண்டியைப் பின்சக்கரங்களின்மேல் சாய்த்துப் பின்னோக்கி இழுத்துப் போவதே வழி. ஒரு தெருவுக்கு இது பரவாயில்லை. ஒரு நாள் முழுக்க இப்படி இழுக்கவேண்டிய ஊர் என்றால் முதுகில் கட்டும் கேரியர்தான் சரி, இந்த வண்டியை எடுத்துப் போகவே வேண்டாம்.

சக்கரம் கெடுவதற்கு மூன்று காரணங்கள். முதலாவது, தலைமுடியும் நூலும். விமான நிலையம், ஹோட்டல் கார்ப்பெட் எல்லாவற்றிலிருந்தும் அள்ளி அச்சில் சுற்றிக்கொள்ளும். சக்கரம் சுற்றுவதற்குப் பதிலாக இழுபடும். இரண்டாவது, பிரேக் போட்டிருப்பது தெரியாமல் இழுப்பது, இறுகிய சக்கரத்தோடு தள்ளுவது: ஃபோம் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகிவிடும், பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் தட் தட் என்று ஒரு சத்தம். மூன்றாவது, சரக்குப் பகுதியில் போய் வந்ததில் கவை, அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் பகுதி, வளைவது. சமதரையில் கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். வண்டி எப்போதும் ஒரே பக்கமாக ஓடினால் இடது, வலது சக்கரங்களை மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு சக்கரத்தில். மாறவில்லை என்றால் கவை வளைந்திருக்கிறது, அதை வீட்டில் நிமிர்த்தப் பார்க்காதீர்கள், உடைந்துவிடும்.

முதல் கோளாறுக்கு வைத்தியம் எளிது. கவையிலுள்ள பொத்தானை அழுத்திச் சக்கரத்தைக் கழற்றுங்கள். சிறிய கத்தரிக்கோலால் முடியை நீளவாக்கில் வெட்டி, ட்வீசரால் உருவுங்கள். ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் சிலிகான் ஸ்பிரே கொஞ்சம். வீட்டு எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், அது தூசியைப் பிடித்து இரண்டே நாளில் களிம்பாகிவிடும். திரும்பப் பொருத்தும்போது டக் என்று சத்தம் வரவேண்டும், பிறகு ஒருமுறை இழுத்தும் பாருங்கள். பயணத்துக்கு முந்தைய வாரம் இதைச் செய்துவிட்டு, உதிரி முன்சக்கரம் ஒன்றையும் கத்தரிக்கோலையும் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். வெளியூரில் உங்கள் மாடலுக்கான சக்கரத்தைத் தேடி அலைவதைப் போல விடுமுறையைத் தின்பது வேறெதுவும் இல்லை.

விமானத்துக்கு வருவோம். சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா பரிந்துரைக்கும் கைப்பை அளவு, சக்கரமும் கைப்பிடியும் சேர்த்து, 56 × 45 × 25 செ.மீ. அது வெறும் பரிந்துரை. அளவை விமான நிறுவனமே வைக்கிறது, சிலர் இதைவிடச் சிறியதாகவே வைத்திருக்கிறார்கள். பெட்டியில் ஒட்டியுள்ள 'கேபின் அளவு' என்ற சொல்லை நம்பாமல், மடக்கி, கப் ஹோல்டரையும் மழையுறையையும் கழற்றி, டேப் வைத்து அளந்து, நீங்கள் ஏறப்போகும் நிறுவனத்தின் அளவோடு ஒப்பிடுங்கள். அளவு சரியாக இருந்தாலும் விமானம் நிரம்பியிருந்தால் வாசலிலேயே வாங்கிச் சரக்குப் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இறங்கும்போது விமான வாசலில் தருவீர்களா, லக்கேஜ் பெல்ட்டிலா? பெல்ட்டில் என்றால் குடியேற்ற வரிசை முழுக்க இடுப்பில் குழந்தை.

இந்த வண்டியின் எல்லாப் புகழும் அது வாசலில் பறிபோகாத நாளில்தான். இறங்கியதும் பிரித்து, உட்கார வைத்து, அந்த நீண்ட நடையை நடந்துவிடலாம். மடக்கும் அமைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எத்தனை முறை மடக்கினாலும் கீல் தளரவில்லை. ஒரு கையால் மடக்கலாம் என்று விளம்பரம் சொல்வதும் உண்மை, ஆனால் கீழ்க்கூடை காலியாக இருந்து, கைப்பிடியில் பை தொங்காமல் இருந்தால். பயண நாளில் இரண்டும் நடக்காது. கைப்பிடியில் பை மாட்டுவதை வேறு காரணத்துக்காகவும் தவிருங்கள்: குழந்தை இறங்கிய நொடியில் வண்டி பின்பக்கமாகக் கவிழும்.

சரக்கில் போய் உடைந்து வந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே சேத அறிக்கை எழுதி வாங்குங்கள், லக்கேஜ் டேக்கோடு சேர்த்துப் படமும் எடுங்கள். விமான நிறுவனங்களின் இழப்பீட்டுப் பொறுப்பைச் சொல்லும் 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில், சேதத்தை 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவேண்டும். தாமதமாக வந்தால் 21 நாள். ஹோட்டலுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டால், சேதம் விமானத்தில் நேர்ந்தது என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும்.

இனி ஊர். குழந்தைகளோடு போகிறவர்கள் முதலில் பார்ப்பது அருங்காட்சியகமும் பூங்காவும். முதலில் பார்க்கவேண்டியது லிஃப்ட். லண்டன் அண்டர்கிரவுண்டின் 272 நிலையங்களில் படியில்லாமல் போய்வரக்கூடியவை மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். அங்கே வரைபடத்தில் சக்கரநாற்காலிக் குறி இரண்டு வகை: நீலப் பின்னணி என்றால் தெருவிலிருந்து ரயில் வரை படியில்லை, வெள்ளை என்றால் நடைமேடை வரைதான். இந்தச் சின்னச் சக்கரத்துக்கு நீலக்குறிதான். 2022-இல் திறந்த எலிசபெத் லைனின் 41 நிலையங்களும் படியில்லாதவை, நடுப்பகுதியில் ரயிலும் நடைமேடையும் ஒரே மட்டம். தங்குமிடத்தை அந்தத் தடத்தை ஒட்டிப் பிடித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பஸ்ஸில் விரித்தபடியே ஏறலாம், ஆனால் அந்த இடத்துக்கு முன்னுரிமை சக்கரநாற்காலிக்கு. அவர்கள் ஏறினால் மடக்கிவிடுவதுதான் முறை, அதற்கு முகம் சுளிக்கவேண்டியதில்லை.

பாரிஸ் மெட்ரோவில் 14-ஆம் தடம் முழுக்க லிஃப்ட் உண்டு, 2024 முதல் ஓர்லி விமான நிலையம் வரைக்கும் ஓடுகிறது. மற்ற பழைய தடங்களில் படிக்கட்டு, திருப்பம், மறுபடி படிக்கட்டு. கூட இன்னொரு பெரியவர் இல்லாவிட்டால் பஸ்ஸைப் பிடியுங்கள். நியூயார்க்கின் 472 நிலையங்களில் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது, இருப்பதும் ஓடுகிறதா என்று அன்று காலையே பார்க்கவேண்டும். டோக்கியோவில் 2014-இல் அரசே வழிகாட்டுதல் வெளியிட்டு, ரயிலில் ஸ்ட்ரோலரை மடக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டது. அங்கே சிக்கல் வேறு: ஷின்ஜுகு ரயில் நிலையத்துக்கு 200-க்கு மேல் வாசல்கள், லிஃப்ட் உள்ள வாசல்கள் சில. எந்த வாசல் என்று கிளம்புமுன்பே குறித்துக்கொள்ளாவிட்டால் நிலத்தடியில் அரைமணி நேரம் போய்விடும். காலை நெரிசலில் ஏறவே வேண்டாம்.

சிங்கப்பூர் ஒன்றுதான் இந்த வண்டிக்காகவே கட்டிய ஊர் மாதிரி. எம்.ஆர்.டி. எனும் மெட்ரோ ரயிலின் நிலையமெல்லாம் லிஃப்ட், 2017 முதல் பஸ்ஸிலும் விரித்தபடி ஏறலாம், நடைபாதையும் வழவழப்பு. இந்த வண்டியைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் அப்படிப்பட்ட ஊரில்தான் ஓட்டிப் பார்த்தார்களோ என்று ஒரு சந்தேகம்.

எந்த ஊரானாலும் கூகுள் மேப்ஸில் பொதுப் போக்குவரத்தைத் தேர்ந்து, வழி விருப்பங்களில் சக்கரநாற்காலி வசதி என்பதை வையுங்கள். காட்டும் நேரம் கூடும். அந்தக் கூடிய நேரம்தான் உங்கள் உண்மையான நேரம். லிஃப்ட்டுக்கு வரிசை இருக்கும், எஸ்கலேட்டரில் ஸ்ட்ரோலரை ஏற்றக்கூடாது, ஆகவே ஒவ்வொரு ரயில் மாற்றத்துக்கும் பத்து நிமிடம் சேர்த்துக்கொண்டு, மாற்றம் ஒன்றுக்கு மேல் போகாத இடங்களாகப் பொறுக்குங்கள். தங்குமிடத்திலும் வாசல்படியும் லிஃப்ட்டும் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். 'முதல் மாடி' என்றால் சில நாடுகளில் தரைத்தளம், பல நாடுகளில் ஒரு மாடிப்படி.

எதிர்பாராத நன்மை ஒன்றைச் சொல்லாமல் விடுவது அநியாயம். சாய்மானம் நன்றாகப் படுக்கிறது, வெயில்மறைப்பு முழங்கால் வரை இறங்குகிறது. பகல் தூக்கம் வண்டியிலேயே முடிவதால், அறைக்குத் திரும்பி வரும் இரண்டு மணி நேரம் மிச்சம். இதை வைத்தே நாளை அமைக்கலாம்: நேரம் குறித்த டிக்கெட் காலையின் முதல் அல்லது இரண்டாம் நேரப் பிரிவில், தூக்க நேரத்தில் பெரியவர்களுக்கான நடை, விழித்ததும் ஓடியாடப் பூங்கா. ஒரு நாளைக்கு டிக்கெட் இடம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். நேர வித்தியாசம் உள்ள ஊரில் உடம்பு பழக ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும் என்பதால், முதல் இரண்டு நாளுக்கு நேரம் குறித்த டிக்கெட்டே வாங்காதீர்கள். வெளிச்சத்தை மறைக்கிறேன் என்று மேலே போர்வை மூடவும் வேண்டாம், உள்ளே சூடு ஏறிவிடும்.

நான்கு வயதுக் குழந்தை விஷயம். உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி நான்கு வயதுப் பையனின் இடைநிலை எடை 16.3 கிலோ, ஐந்து வயதில் 18.3. ஸ்ட்ரோலர்களுக்கான ஐரோப்பிய தரம் இஎன் 1888-இன் முதல் பாகம் 15 கிலோ வரைக்கும்தான், அதற்குமேல் 22 வரை இரண்டாம் பாகம். அடிச்சட்டத்து ஒட்டுத்தாளில் எது என்று பாருங்கள். 15 மட்டும் என்றால் இரண்டு வயதுக்கே எடுங்கள், பெரியவனை நடக்கவிட்டு நாளைச் சுருக்குங்கள். பெரியவன் சிணுங்கினால் மாற்றி உட்கார வைக்கலாம் என்ற கணக்கில் வாங்கினால் முதலில் போவது, வேறென்ன, முன்சக்கரம்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் தருகிறேன். அடுத்த பயணத்துக்கும் இதைத்தான் எடுத்துப் போவேன், அதற்காக மூன்றாவது நட்சத்திரம் கிடையாது. விலை குறைந்திருக்கிறதே என்று பழைய மாடலை வாங்குகிறவர்கள், அதன் முன்சக்கரம் தனியாக இன்னும் விற்பனையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். இருந்தால் வண்டியோடு ஒரு ஜோடியையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.