ஆர்டுயினோ யூனோவா, இஎஸ்பி32-ஆ?

கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஏறினால் எச்சரிக்கும் கருவி செய்ய எந்த போர்டு (சென்சாரைப் படித்து வேலை செய்யும் குட்டிக் கணினி) வாங்கலாம் என்று கடலூரில் பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள்.

தாக்குப்பிடிப்பது:
யூனோ ஆர்3 – 5 வோல்ட். அல்ட்ராசானிக் சென்சாரை (ஒலி அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் அளப்பது) நேரே மாட்டலாம். சாக்கெட் வைத்த போர்டு என்றால், எரிந்த சிப்பை மட்டும் மாற்றலாம். முதல் மாதம் ஒன்றாவது எரியும்; எனக்கு இரண்டு.
இஎஸ்பி32 – 3.3 வோல்ட். சென்சார் பதில் அனுப்பும் எக்கோ கம்பிக்கு இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறைக்க வேண்டும்.

வேகம்: யூனோ 16 மெகாஹெர்ட்ஸ், எதிரே இஎஸ்பி32 240. தண்ணீர் அளக்க 16 தாராளம்.

வைஃபை: இஎஸ்பி32-இல் உள்ளேயே உண்டு. யூனோ ஆர்3-க்குத் தனி மாட்யூல்.

விலை: ஒரிஜினல் யூனோவைவிட இஎஸ்பி32 மலிவு.

முதலாண்டில் கை பழக யூனோ. எச்சரிக்கை செல்போனுக்கே வரணுமா? சரி, இஎஸ்பி32 வாங்குங்கள்.